கைப்பிடி இல்லாத கதவுகள்

அத்தியாயம் 11

போன வாரம் ஜெயப்பிரியாவை ஒரு முக்காலியில் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையில் ஹேர் டிரையர், இன்னொரு கையில் காலாவதியான ஏடிஎம் கார்டு. கதவு மூலையில் ஒட்டியிருக்கும் டேப்புக்குச் சூடு காட்டி இளக்குவது, கார்டின் முனையால் நெம்பி எடுப்பது என்று காலை ஆறரையிலிருந்து அதே வேலையாக இருக்கிறாள்.

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் பிரிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாலாவது தெருவில் இருக்கிற இந்த மாடி வீட்டைக் கட்டியவர் வீரராகவன். உள்ளூர்க்காரர். பக்கத்துக் கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளுக்கு வயரிங் பார்த்தே முப்பத்தைந்து வருஷத்தை ஓட்டியவர். மனைவி ராணி போய் மூன்று வருஷம் ஆகிறது. கீழ்ப் போர்ஷனில் வசந்தா என்கிற தையல்காரம்மா வாடகைக்கு இருக்கிறாள். மாடியில் வீரராகவனும், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் மகன் மோகனும், மருமகள் ஜெயப்பிரியாவும்.

ஜெயப்பிரியா திண்டுக்கல் பெண். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கும் முகப்பேர் ஆபீஸ் ஒன்றில் ஆறு வருஷமாகப் படம் வரைகிறாள். வரைவது இவள், பெயர் முதலாளிக்கு. தன் பெயரில் ஒரு வீடு வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள் கடைசியில் சொந்த வீட்டிலேயே கை வைத்தாள்.

கை வைத்தாள் என்றால் சும்மா இல்லை. ஷோகேஸ் போனது, காலண்டர் போனது, பாத்திர ஸ்டாண்டு போனது, இரும்பு பீரோ நாலு ஆள் தூக்கிப் படியிறங்கிப் போனது. வந்ததெல்லாம் வெள்ளைச் சுவரும் வெளிர் மரப் பலகையும்தான். நகரத்து வீட்டில் கண்ணில் எதுவும் இடறக்கூடாது என்பது இவள் கட்சி. அலமாரிக் கதவு எதற்கும் கைப்பிடி கிடையாது. விரலால் ஓர் அழுத்து அழுத்தினால் தானாகத் திறக்கும். ஃபிரிட்ஜ் ஓர் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறது. பாத்ரூம் கதவு, அறைகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையின் பலகைச் சுவரோடு சுவராகப் போய்விட்டது. வருகிறவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதையே ஜெயப்பிரியா ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

வீரராகவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. "உன் இஷ்டம்மா" என்றார், அவ்வளவுதான். ஆனால் வேலை முடிந்த நாலாம் நாள் முதல் டேப் முளைக்க ஆரம்பித்தது. எலெக்ட்ரீஷியன் வயருக்குச் சுற்றுகிற அதே டேப். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழித்து ஒவ்வொரு கதவின் கீழ் மூலையிலும் ஒட்டிவைப்பார். இவள் பிய்ப்பாள். மறுநாள் காலை மறுபடி இருக்கும். கேட்டால், பழக்க தோஷம்மா என்று சிரிப்பார். கார் ஷெட் காலத்து டேப் இன்னும் தீராமல் இருக்கிறதே என்று இவள் பல்லைக் கடிப்பாள். மோகனிடம் முறையிட்டால், விடு, பெரியவர்தானே என்று அவன் நழுவுவான். இப்படியே இரண்டு மாதம்.

இன்று வியாழக்கிழமை. வீடுகளைப் படம் பிடித்துப் போடும் யூடியூப் சேனல் ஒன்றிலிருந்து நிஷா என்ற பெண் பத்து மணிக்கு வருகிறாள். ஜெயப்பிரியாவின் பெயர் முதல் தடவையாக நாலு பேர் கண்ணில் படப்போகிற நாள். அதனால்தான் மாமனார் பால் வாங்க ஸ்டேஷன் பக்கம் போன நேரமாகப் பார்த்து இந்தச் சுத்தம். ஹாலில் எடுத்தாள், சமையலறையில் எடுத்தாள், நடைபாதையில் எடுத்தாள். அதோடு விட்டாளா? அவர் அறைக்குள்ளும் போய், கட்டிலுக்கு எதிரே இருந்த நீல டேப்பையும் எடுத்தாள். எல்லாம் சேர்ந்து எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டையானது. அதைக் குப்பைக் கூடையில் போட்டபோது அவள் மனசுக்கு அப்படி ஒரு திருப்தி.

ஆபீஸுக்குக் கிளம்பி வந்த மோகன் நடைபாதையில் ஒரு நிமிஷம் நின்றான். அப்பா அறையிலுமா எடுத்தாய் என்று கேட்டான். ஒரு நாள்தானே, நாளைக்கு அவர் மறுபடி ஒட்டாமலா இருக்கப்போகிறார் என்றாள் இவள்.

"நான் இன்னிக்கி லீவு போட்டுரட்டா?" என்றான் மோகன்.

படத்தில் முகம் காட்ட ஆசையாக்கும் என்று அவள் கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. என்னவோ சொல்ல வந்தவன், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அந்த நேரத்தில் அவள் அவனை நிறுத்திக் கேட்டிருக்கலாம். எங்கே, அவளுக்குச் சோபா உறையில் சுருக்கம் எடுக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு நிஷா வந்தாள். கூடவே வெங்கட் என்ற கேமராக்காரன். நல்ல பெண்தான் நிஷா. நாற்காலியை நகர்த்தினால் திருப்பி அதே இடத்தில் வைத்தாள், வீட்டைப் பார்த்து வாய்விட்டுப் பாராட்டினாள். ஹாலையும் சமையலறையையும் எடுத்து முடித்தபோது மணி பன்னிரண்டு. கடைசியாக அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த மாதிரி வீடெல்லாம் சின்ன வயசுக்காரர்களுக்குத்தான், பெரியவர்களுக்கு ஒத்துவராது என்று கமெண்ட் போடுவார்கள். அதற்குப் பதிலாக உங்கள் மாமனார் சமையலறைக்கு வந்து, ஒரு டம்ளர் எடுத்து, தண்ணீர் குடிப்பதை எடுத்துவிடலாமே என்றாள்.

ஜெயப்பிரியாவுக்கும் அது பிடித்திருந்தது. அறைக்குள் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்த வீரராகவன், முதலில் தயங்கிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்தவர் சமையலறை நடுவில் நின்றார். எதிரே ஆறு கதவு, ஆறும் ஒரே வெள்ளை. ஒன்றை அழுத்தினார், மளிகை டப்பாக்கள். அதைச் சாத்திவிட்டு இன்னொன்றை அழுத்தினார், ஃபிரிட்ஜ். மூன்றாவது திறக்கவே இல்லை, ஏனென்றால் அது கதவே இல்லை, வெறும் பலகை. நிஷா சிரித்துக்கொண்டே, பரவாயில்லை அங்கிள், இன்னொரு தடவை என்றாள்.

"இன்னாம்மா இது, ஒரு சொம்புத் தண்ணி குடிக்க இத்தினி ஒத்திகையா?" என்று அவரும் சிரித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை ஜெயப்பிரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரல் ஒவ்வொரு கதவின் கீழ் மூலைக்கும் போய், அங்கே எதையோ தடவித் தேடியது. வழுவழுப்பைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. விரல் அடுத்த கதவுக்குப் போனது. 

அவளே போய் டம்ளர் இருந்த கதவைத் திறந்துவிட்டாள். அவர் தண்ணீரைக் குடித்தார். பிறகு நடைபாதைக்குப் போய், பலகைச் சுவரில் கையை வைத்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "தோ, கீழ போயிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நிஷாவும் வெங்கட்டும் மூட்டை கட்டிக் கிளம்ப அரை மணி ஆனது. அதற்குள்ளும் அவர் மேலே வரவில்லை. ஜெயப்பிரியா கீழே போனாள்.

வசந்தா வாசலருகே தையல் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"மேல பாத்ரூம் டைல்ஸ் இன்னும் காயலயாக்கா? ரெண்டு மாசமா காயுது" என்றாள்.

ஜெயப்பிரியாவுக்குப் புரியவில்லை. வசந்தாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று சங்கடம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அய்யா வாரத்தில் மூன்று நாளாவது இங்கேதான் பாத்ரூமுக்கு வருகிறாராம். மேலே டைல்ஸ் காயவில்லை, கால் வைத்தால் பெயர்ந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் அதே காரணத்தைச் சொல்வாராம். வீட்டுக்காரரிடம் போய் எப்படிக் கேட்பது என்று தானும் பேசாமல் இருந்துவிட்டாளாம்.

"தப்பா எடுத்துக்காதக்கா. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா மனசு ஒரு மாதிரி கீது" என்றாள்.

ஜெயப்பிரியா உள்ளே எட்டிப் பார்த்தாள். கீழ்ப் போர்ஷனும் மேல் போர்ஷனும் ஒரே அளவில், ஒரே அமைப்பில் அவர் கட்டியவை. மேலே அவள் அழித்துவிட்ட வீடு கீழே அப்படியே இருந்தது. நடையில் தாழ்ப்பாளோடு பச்சைப் பெயின்ட் அடித்த பாத்ரூம் கதவு. சமையலறையில் சுவரோரம் பாத்திர ஸ்டாண்டு. வீரராகவன் அடுப்பு முன்னால் நின்று தனக்கும் வசந்தாவுக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி ஸ்டாண்டிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தார். கொஞ்சம் குனிந்து வடிகட்டியை எடுத்தார். ஒன்றுக்காகவும் அவர் தேடவில்லை.

அங்கேயே நின்று அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். அவளைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு படி கீழே, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா மாமா?" என்றாள்.

 ரயில் ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு வேறு யாரைப் பற்றியோ பேசுகிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். போன வருஷம் சித்திரையில் ஒரு நாள் அம்பத்தூரிலிருந்து வீட்டுக்கு ரயிலேறியவர், அண்ணனூரில் இறங்காமல் வேப்பம்பட்டில் இறங்கியிருக்கிறார். இறங்கிய பிறகு, எதற்கு இறங்கினோம், எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. அந்த ரயிலின் ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று தெரிந்த மனிதர், ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, எதிர்ப்பக்கம் வந்த வண்டியைப் பார்த்த பிறகுதான் தெளிந்தாராம். அப்புறம் அடிக்கடி.

"பொட்டிக்கு அடியில நூறு வயரு போவும்மா. எல்லாம் ஒரே கலரு. ரெண்டு முனையிலயும் டேப்பு சுத்தி வுட்டுட்டா எவன் வந்தாலும் கண்டுபுடிச்சிடுவான். அத்தத்தான் ஊட்லயும் செஞ்சேன். செவப்பு பாத்ரூமு, பச்ச டம்ளரு, மஞ்ச சுச்சு. நீலம்னா என் துணி. காலைல தல தெளிவா கீற நேரத்துல எல்லாத்தயும் தொறந்து பாத்து ஒட்டி வெச்சிப்பேன். அந்த நாள் ஓடிப்பூடும்."

அவள் பிய்த்த பிறகு ஓடவில்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அறுபது நாளாக அந்தக் கிழவர் தினமும் காலையில் ஒரு வழியைப் போட, இவள் தினமும் அதை அழித்திருக்கிறாள். அதுவும் அழகு என்று சொல்லிக்கொண்டு. ஜெயப்பிரியாவுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வேலை ஆரம்பிக்கும்போதே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டாள்.

"வேணான்னா ஏன்னு கேப்பீங்களேம்மா" என்றார்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். மோகனுக்கு இது தெரியக்கூடாது. அவனுக்கு ஏற்கனவே ராணியின் சாவே ஆறவில்லை. இதுவும் தெரிந்தால் உடைந்துபோய்விடுவான். முடிகிற வரைக்கும் தானே சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்?

சாயங்காலம் ஐந்து மணிக்கே மோகன் வந்துவிட்டான். அப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்டான். தூங்குகிறார் என்றாள். அப்பாவின் அறைக்கதவை மெல்லத் திறந்து பார்த்துவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தான். ஆவடியில் எலெக்ட்ரிகல் கடை ஒன்றின் கவர். உள்ளே நாலு ரோல் டேப். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்.

ஜெயப்பிரியா நீல ரோலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கார் ஷெட் டேப்பு எப்பவோ தீந்துபோச்சு" என்றான் மோகன். "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ நான்தான் வாங்கி அவர் டிராயர்ல போடறேன். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ங்கறதே அவருக்குத் தெரியாது."

போன வருஷமே தெரியும் என்றான். வேப்பம்பட்டில் அப்பாவைப் பெஞ்சில் பார்த்த பழைய கார் ஷெட் ஆள் ஒருவர் போன் செய்து சொல்லியிருக்கிறார். அப்பாவின் மற்ற தடுமாற்றங்களையும் கவனித்து எழுதிக்கொண்டு, அவரைக் கூட்டிப் போகாமல் இவன் மட்டும் ஆவடியில் ஒரு டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறான். நேரில் கூட்டி வந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாராம் அவர். அதுவரைக்கும் ஒன்றே ஒன்றைக் கவனிக்கச் சொன்னாராம்: வீட்டில் எந்தப் பொருளையும் இடம் மாற்றாதீர்கள்.

"அது எப்போ?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

"ஆசாரிங்க வந்து எறங்குன வாரம்."

 ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பாளே. அதைத்தான் கேட்டாள். ஆறு வருஷம் கழித்து உன் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன், அதை அணைக்க மனசு வரவில்லை என்றான். அப்பா எப்படியாவது பழகிக்கொள்வார் என்று நினைத்தேன் என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் நல்லவங்களாவே இருந்துக்கிட்டீங்க" என்றாள். "தினமும் காலையில எந்திரிச்சு அவரு கண்ணைக் கட்டிவிட்டது நான். என்னை இப்படி ஆக்கிட்டீங்களே."

 பிறகு மோகனும் அப்பா கேட்டதையே கேட்டான். எனக்குத் தெரியும் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே; என் முன்னால் நிமிர்ந்து நடக்கிற வரைக்கும்தான் அவர் நடப்பார் என்றான். மதியம் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவள், இப்போது மகனுக்கும் அவள் தலையாட்டினாள். ஒரே வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒளிந்து விளையாட, நடுவில் இவள்.

அப்போதுதான் மேஜை மேலிருந்த அவள் போன் அதிர்ந்தது. நிஷா. முழு வீடியோ வர ஒரு வாரம் ஆகும், அதற்கு முன்னால் சும்மா அரை நிமிஷம் வெட்டிப் போட்டிருக்கிறேன், பயங்கரமாகப் போகிறது, பாருங்கள் என்று எழுதி, இரண்டு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

பார்த்தார்கள். வீரராகவன் வெள்ளைக் கதவுகளுக்கு முன்னால் நிற்கிறார். ஒன்றை அழுத்துகிறார், மளிகை. இன்னொன்று, ஃபிரிட்ஜ். மூன்றாவது, பலகை. ஒவ்வொரு தடவையும் கோமாளிச் சத்தம் ஒன்று சேர்த்திருந்தார்கள். அப்புறம் நடைபாதை. சுவரைத் தடவிக்கொண்டு போகிறார், வருகிறார், போகிறார். அதை மட்டும் வேகமாக ஓட்டியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில், "டிசைனர் மருமகள், தண்ணி தேடும் மாமனார்" என்று இருந்தது. நாற்பதாயிரம் பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள். எழுதியவர்கள் எல்லாரும் சிரித்திருந்தார்கள். கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜெயப்பிரியா நிஷாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்த வீடியோவை உடனே நீக்கச் சொல் என்று மோகன் சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அதே கோமாளிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் போனார்கள்.

அப்பாவின் அறையில் விளக்கு எரிந்தது. அவர் எழுந்து கட்டிலில் உட்கார்ந்து, போனை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டிருந்தார். கார் ஷெட்டில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை ஓடி முடிந்ததும் மறுபடி ஓடவிட்டார். வாசலில் நின்ற மருமகளைப் பார்த்து, இங்கே வா என்று கையசைத்தார். அவளுக்குப் பின்னால் மோகன் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

அவருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவள் கட்டில் அருகே போனாள். ஆனால் அவர் முகத்தில் அவமானம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, போனை அவள் பக்கம் திருப்பினார்.

"இது நான்தாம்மா, தெரியுது. ஆனா இது யாரு ஊடு? நான் இன்னாத்துக்கு அங்க போனேன்?"

"அப்பா" என்று கூப்பிட்டான் மோகன்.

வீரராகவன் நிமிர்ந்தார். வாசலில் நிற்கும் மகனைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார். நீ சொல்லிவிட்டாயா என்று அந்தக் கண்கள் கேட்டன. ஜெயப்பிரியா இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். மோகன் அழ ஆரம்பித்திருந்தான்.